போனில் வருகிறது, கொம்பியூட்டரில் வரவில்லை: வீட்டு வைஃபை உதவி தேவை

குளக்கட்டு, விசுவமடு | வெள்ளி இரவு 8.15

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் ஒரு கிழமைக்கு மேலாக வைஃபையில் ஏற மறுக்கிறது. மேசைக் கொம்பியூட்டர், விண்டோஸ் 10. மூன்று வருடத்துக்கு முன் கிளிநொச்சியில் பாவித்த சாமானாக வாங்கியது. உள்ளே வைஃபை இல்லை என்பதால் பெட்டியின் பின்பக்கம் நகத்தளவு யூஎஸ்பி டொங்கிள் ஒன்று குத்தியிருக்கிறோம். ரூட்டர், சிம் போடுகிற 4ஜி ரூட்டர். விறாந்தை யன்னலில் இருக்கிறது.

என் போன், மகளின் போன் இரண்டிலும் அதே வைஃபை பிரச்சினை இல்லாமல் வேலை செய்கிறது. கொம்பியூட்டர் மட்டும்தான் அடம் பிடிக்கிறது. மகள் உயர்தரம் படிக்கிறாள், ஸூம் வகுப்பைப் போனில் பார்த்துக் கண் நோகிறது என்கிறாள்.

விசித்திரம் என்னவென்றால், போன செவ்வாய் முழுநாளும் வேலை செய்தது. புதன் காலை திரும்பவும் இல்லை. திருத்துகிற கடை ஒன்றுக்குப் போன் எடுத்தேன். "மதர்போர்ட் போயிருக்கும், பெட்டியைக் கொண்டு வாங்கோ, எட்டாயிரம் மட்டில் வரும்" என்றார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுமுன் இங்கே ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று வந்தேன்.

பூநகரிக்காற்று, பூநகரி | வெள்ளி இரவு 8.31

அண்ணை, விண்டோஸ் பழுதாகியிருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். எனக்கும் இப்படித்தான் சரிவந்தது.

பழைய ரேடியோ, வவுனியா | வெள்ளி இரவு 9.02

தலையிடிக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம் வேண்டாம் தம்பி. அந்தப் பிள்ளையின் பாடக் குறிப்புகள் எல்லாம் அதற்குள் இருக்கும்.

குளக்கட்டு, முதலில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்போம். கொம்பியூட்டரிலிருந்து டொங்கிள், டொங்கிளிலிருந்து ரூட்டர், ரூட்டரிலிருந்து சிம் கம்பனியின் கோபுரம் என்று மூன்று துண்டு வழி. போனில் வேலை செய்கிறது என்கிறீர்கள். ஆனால் அதிலும் ஒரு சந்தேகம்: போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுப் பார்த்தீர்களா? பலர் வைஃபை என்று நினைத்துக்கொண்டு போனின் சொந்த சிம்மில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதை நிறுத்தியும் வருகிறதென்றால் கோபுரப் பக்கம் சுகம். பிறகு அந்தப் பக்கத்தை நோண்டக் கூடாது. சங்குப்பிட்டிப் பாலத்தில் வாகனம் நின்றுபோனால் பரந்தன் சந்தியில் நின்று விசாரித்துப் பயனில்லை.

அடுத்தது, "ஏறவில்லை" என்றால் எப்படி ஏறவில்லை? வலது பக்கக் கீழ் மூலையில் வைஃபை படத்தை அழுத்தினால் பட்டியல் வருகிறதா? வந்தால் உங்கள் வீட்டுப் பெயர் அதில் இருக்கிறதா? இருந்தால் கடவுச்சொல் கேட்கிறதா, அல்லது ஏறிய பிறகு இன்டர்நெட் இல்லை என்கிறதா? ஒவ்வொன்றும் வேறு வேறு வருத்தம். திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள்.

குளக்கட்டு, விசுவமடு | வெள்ளி இரவு 9.40

ஐயா, நன்றி. மொபைல் டேட்டாவை நிறுத்திப் பார்த்தேன், போனில் வைஃபை வருகிறது.

கொம்பியூட்டரில் பட்டியல் வருகிறது. ஆனால் அதில் எங்கள் வீட்டுப் பெயர் இல்லை! அடுத்த வளவு மாஸ்டர் வீட்டு வைஃபை காட்டுகிறது. அது வேலிக்கு அங்கால், ஒரு கோடுதான். எங்களுடையது பத்தடி தூரத்தில் இருக்கிறது, அது மட்டும் இல்லை.

திரையில் வேறு ஒன்றும் இல்லை. மூலையில் 2012 ஜனவரி என்று போட்டிருக்கிறது. இந்தப் பெட்டிக்கு நேரம் எப்போதும் பிழைதான், நாங்கள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

தேக்கங்காடு, முறிகண்டி | வெள்ளி இரவு 10.05

விமானப் பயன்முறை போடுபட்டிருக்கிறதா பாருங்கள். அதோடு சேர்விசஸ் பட்டியலில் "டபிள்யூலேன் ஓட்டோகொன்ஃபிக்" என்று ஒன்று இருக்கும். அது நின்றிருந்தால் வைஃபை வராது. டிவைஸ் மனேஜரில் டொங்கிளின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய ரேடியோ, வவுனியா | வெள்ளி இரவு 10.20

தேக்கங்காடு சொன்னது நல்ல ஆலோசனைதான், ஆனால் இங்கே பொருந்தாது. மாஸ்டர் வீட்டு வைஃபை பட்டியலில் தெரிகிறதென்றால் விமானப் பயன்முறை இல்லை, சேவை ஓடுகிறது, டொங்கிளை இயக்குகிற டிரைவர் மென்பொருள் உயிரோடு இருக்கிறது, டொங்கிளும் உயிரோடு இருக்கிறது. வேலிக்கு அங்கால் உள்ளதைக் கேட்கிற காதுக்குப் பக்கத்து அறைச் சத்தம் கேட்கவில்லை. அதுதான் புதிர்.

நாளை ஒரு சோதனை செய்யுங்கள். போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, கொம்பியூட்டரை அதில் ஏற்றிப் பாருங்கள். ஹொட்ஸ்பொட் அமைப்பில் வைஃபை அலைவரிசை 2.4 கிகாஹேர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். சின்ன டொங்கிள்கள் பலவற்றுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் பிடிபடாது.

உப்புமால், மல்லாவி | சனி காலை 6.50

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மின்னல் ஏதும் அடித்ததா அங்கே? போன ஐப்பசியில் எங்கள் வளவுப் பனையில் விழுந்தது. ரூட்டரையும் கொம்பியூட்டரையும் கேபிளால் இணைத்து வைத்திருந்தேன். ரூட்டரின் பிளக்கைக் கழற்றினேன், கொம்பியூட்டரின் பிளக்கைக் கழற்றவில்லை, கேபிளையும் கழற்றவில்லை. இரண்டு பக்கமும் கேபிள் ஓட்டை செத்துப் போனது. வைஃபை மட்டும் தப்பியது, எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பனை பாதிக்கு மேல் கருகிவிட்டது, இப்போது கிளிகள் குடியிருக்கின்றன.

குளக்கட்டு, விசுவமடு | சனி காலை 9.30

உப்புமால், மின்னல் விழவில்லை. ஆனால் பின்னேரம் முழக்கம் கேட்டாலே மனுசி வீட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவா. ரூட்டர், கொம்பியூட்டர், டிவி, எல்லாம். காலையில்தான் திரும்பப் போடுவோம். இந்தக் கிழமை அநேகமாக ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

ஐயா, ஹொட்ஸ்பொட் போட்டேன். கொம்பியூட்டர் உடனே பிடித்தது! கடவுச்சொல் கேட்டது, அடித்தேன், ஏறிவிட்டது. சந்தோசப்பட்டு கூகுளைத் திறந்தால் திறக்கவில்லை. ஏதோ எச்சரிக்கைப் படம் ஒன்று வந்தது, மகள் மூடிவிட்டாள். யூடியூப்பும் அப்படியே. அதே நேரம் போனில் எல்லாம் ஓடுகிறது.

பூநகரிக்காற்று, பூநகரி | சனி காலை 9.44

நான் சொன்னேன் கேட்டீர்களா? விண்டோஸ்!

பனைவடலி, மாங்குளம் | சனி காலை 10.30

பூநகரித் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். (நான் பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். இருபது பழைய கொம்பியூட்டரோடு மாரடிப்பதால் இந்த வருத்தமெல்லாம் பழக்கம்.)

குளக்கட்டு அண்ணா, உங்கள் வீட்டில் ஒரு வருத்தம் இல்லை, இரண்டு இருக்கின்றன: ஒன்று வீட்டு வைஃபை பட்டியலில் தெரியாதது, மற்றது ஏறிய பிறகும் தளங்கள் திறக்காதது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் தலை சுற்றுகிறது. இரண்டாவதை முதலில் முடிப்போம், அது லேசு. நேற்று நீங்களே எழுதிவிட்டு எல்லாரும் தாண்டிப் போனோம்: மூலையில் 2012 ஜனவரி.

வைஃபையில் ஏறுவதற்குத் திகதி தேவையில்லை, கடவுச்சொல் சரியென்றால் ஏற்றிவிடும். ஆனால் கூகுள், யூடியூப், வங்கி, ஸூம் எல்லாம் பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான தளங்கள். ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழ் காட்டும். அதில் "இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை செல்லும்" என்று இருக்கும். உங்கள் கொம்பியூட்டர் தன்னை 2012இல் இருப்பதாக நினைக்கிறது. சான்றிதழோ சில மாதங்களுக்கு முன்தான் எழுதப்பட்டது. "இது இன்னும் தொடங்கவே இல்லையே, யாரோ ஏமாற்றுகிறார்கள்" என்று பிரவுசர் கதவை அடைக்கிறது. மகள் மூடிய எச்சரிக்கையை மறுபடி வரவழைத்துப் படியுங்கள். குரோம் என்றால் உங்கள் மணிக்கூடு பின்தங்கியிருக்கிறது என்றே எழுதியிருக்கும்.

திகதியைக் கையால் சரிசெய்யுங்கள். இவ்வளவு பெரிய பிழையை விண்டோஸ் தானாகத் திருத்தும் என்று நம்பியிருக்க வேண்டாம். வழமையான அமைப்பில் 15 மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது கைவைக்காது. நேர வலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர, 5.30 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குளக்கட்டு, விசுவமடு | சனி பகல் 11.12

ரீச்சர்! திகதியை மாற்றிய அடுத்த நிமிசம் கூகுள் திறந்தது. ஹொட்ஸ்பொட்டில்தான், ஆனாலும் திறந்தது. நீங்கள் சொன்ன வசனம் அப்படியே எழுதியிருந்தது.

மகளிடம் விசாரித்தேன். போன செவ்வாய் ரியூஷன் கால அட்டவணை அடிப்பதற்காகத் தானே திகதியைச் சரிசெய்தாளாம். அன்றைக்குத்தான் வேலை செய்தது. அன்று இரவு முழக்கம், பிளக் கழன்றது, புதன் காலை மறுபடி 2012. எனக்கு இப்போதுதான் கண் திறந்தது. ஆனால் ஏன் ஒவ்வொரு முறையும் 2012க்கே போகிறது?

பழைய ரேடியோ, வவுனியா | சனி பகல் 11.40

ரீச்சருக்கு வணக்கம். திகதியை நானும் வாசித்தேன், கண்ணில் படவில்லை. வயது போகிறது.

தம்பி, கொம்பியூட்டரின் மதர்போர்ட் என்கிற தாய்ப்பலகையில் ஒரு ரூபாக் குத்தி அளவில் வட்டமான பற்றரி இருக்கும். சீஆர்2032, 3 வோல்ட். பிளக் கழன்றிருக்கும்போது மணிக்கூட்டை ஓட வைப்பது அதுதான். பிளக் போட்டபடி இருந்தால், கொம்பியூட்டரை நிறுத்தி வைத்தாலும், பவர் சப்ளை வழியாகக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் பற்றரி செத்ததே தெரியாது. உங்கள் மனுசி பிளக்கைக் கழற்றுகிறபடியால்தான் குட்டு வெளிப்பட்டது. கழற்றுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அவ செய்வதுதான் சரி. பற்றரியை மாற்றுங்கள். 2012 என்பது அந்தப் போர்ட் தயாரித்தவன் தொடக்கத் திகதியாக எழுதி வைத்தது, ஞாபகம் போனால் அங்கேயே திரும்பிப் போகும்.

கடைக்காரர் "மதர்போர்ட் போயிருக்கும்" என்றது பாதி உண்மை. போர்டில் உள்ள பற்றரி போயிருக்கிறது.

மாற்றும்போது பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டுத் திறவுங்கள். உலோகச் சட்டத்தை ஒருமுறை தொடுங்கள். பற்றரியில் எழுத்துள்ள பக்கம் மேலே வர வேண்டும். பக்கத்தில் ஒரு சின்னக் கிளிப் இருக்கும், அதைத் தள்ளினால் துள்ளி எழும்பும். நெம்பிக் கிளப்பாதீர்கள், கிளிப் உடைந்தால் பிறகு கரைச்சல்.

தேக்கங்காடு, முறிகண்டி | சனி பின்னேரம் 2.15

சரி, முதலாவது வருத்தம்? வீட்டு ரூட்டர் ஏன் பட்டியலில் தெரியவில்லை? அதை யாரும் சொல்லவில்லையே. ரூட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் ஓடுகிறதோ?

பனைவடலி, மாங்குளம் | சனி பின்னேரம் 4.00

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். குளக்கட்டு அண்ணா, போனில் வைஃபை பெயரைத் தொட்டு விபரம் பாருங்கள். 2.4 என்று இருக்கிறதா, 5 என்றா? பிறகு வைஃபை அனலைசர் வகையில் இலவசச் செயலி ஒன்று இறக்கி, உங்கள் ரூட்டர் எந்தச் சனலில் இருக்கிறது என்று பாருங்கள்.

குளக்கட்டு, விசுவமடு | சனி இரவு 7.20

2.4 என்று இருக்கிறது. சனல் 13.

பனைவடலி, மாங்குளம் | சனி இரவு 7.33

அதுதான். அகப்பட்டது.

2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் சனல்கள் 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக இருக்கும். சனல் 1 என்பது 2412, சனல் 13 என்பது 2472. உலகின் பல இடங்களில் 13 வரை பாவிப்பார்கள், அமெரிக்கச் சந்தைக்குச் செய்கிற சாமானோ 11ஓடு நின்றுவிடும். உங்கள் டொங்கிள் அப்படிப்பட்ட ஒன்று, அல்லது அதன் டிரைவர் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. 12, 13 என்று இரண்டு சனல் இருப்பதே அதற்குத் தெரியாது. பத்தடியில் ரூட்டர் கத்தினாலும் கேட்காது. மாஸ்டர் வீட்டு ரூட்டர் 11க்குள் எங்கேயோ இருக்கிறது, அதனால் கேட்கிறது. போனுக்கு 13 தெரியும்.

சில நாள் வந்து சில நாள் வராமல் போவதற்கும் இதுவே காரணம். ரூட்டரில் சனல் "ஓட்டோ" என்று இருக்கும். பிளக்கைப் போடுகிற ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்த்துத் தனக்கு வசதியான சனலை எடுக்கும். செவ்வாய் 6ஓ 11ஓ எடுத்திருக்கும், திகதியும் மகள் திருத்தி வைத்திருந்தாள், இரண்டும் ஒன்றாகப் பொருந்திய ஒரே நாள் அது.

செய்ய வேண்டியது: ரூட்டரின் அடியில் ஸ்டிக்கரில் 192.168 என்று தொடங்குகிற ஒரு இலக்கம், பயனர் பெயர், கடவுச்சொல் இருக்கும். போனின் பிரவுசரில் அந்த இலக்கத்தை அடித்து உள்ளே போங்கள். வைஃபை அமைப்பில் சனலை ஓட்டோவிலிருந்து 6க்கோ 11க்கோ மாற்றிச் சேமியுங்கள். 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று முட்டாதவை. மாஸ்டர் வீடு எதில் இருக்கிறதோ அதை விட்டு மற்றதை எடுங்கள். அங்கே நிற்கும்போதே ஸ்டிக்கரில் உள்ள நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

டொங்கிளைப் பெட்டியின் முன்பக்க ஓட்டைக்கு மாற்றினால் இன்னும் நல்லது. பின்பக்கம் தகரப் பெட்டியும் சுவரும் சேர்ந்து மறைக்கும். நீல நிற யூஎஸ்பி 3 ஓட்டையில் வெளி ஹார்ட் டிஸ்க் குத்தியிருந்தால் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், 2.4 அலைக்கு அது இரைச்சல் கொடுக்கும்.

குளக்கட்டு, விசுவமடு | சனி இரவு 8.05

11இல் போட்டேன். பட்டியலில் முதலாவதாக வந்து நிற்கிறது, நான்கு கோடும். மகள் கை தட்டினாள். மனுசி "நான் கழற்றினபடியால் பழுதாகினது என்று இவ்வளவு நாளும் என்னைத்தானே பேசினீங்கள்" என்று கேட்கிறா. இதற்கு இங்கே யாரிடமும் தீர்வு இருக்குமோ தெரியாது.

பழைய ரேடியோ, வவுனியா | சனி இரவு 8.11

அதற்கு முறிகண்டியில் இறங்கிக் கடலை வாங்கிக்கொண்டு போங்கள்.

தேக்கங்காடு, முறிகண்டி | சனி இரவு 8.20

ஓம் ஓம், பிள்ளையாருக்கும் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு. :)

மணல்வீதி, செட்டிகுளம் | ஞாயிறு காலை 10.10

இதே இழையில் கேட்கலாமா? என் லப்டொப்பில் வீட்டு வைஃபை தெரிகிறது, ஏறுகிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்கிறது. திகதி சரி. கறுப்புத் திரையில் ஐபிகொன்ஃபிக் என்று அடித்தால் 169.254 என்று தொடங்குகிற இலக்கம் வருகிறது.

பனைவடலி, மாங்குளம் | ஞாயிறு காலை 10.45

169.254 என்றால் ரூட்டர் உங்களுக்கு விலாசம் தரவில்லை, லப்டொப் தானே ஒன்றைக் கற்பனை செய்துகொண்டது. விண்டோஸில் அந்த வைஃபையை "மற" என்று கொடுத்து, ரூட்டரை நிறுத்திப் போட்டு, புதிதாக ஏறிப் பாருங்கள். யாராவது முன்னொரு காலத்தில் ஐபி விலாசத்தைக் கையால் எழுதி வைத்திருந்தாலும் இன்டர்நெட் வராது, ஆனால் அப்போது இந்த 169 இலக்கம் வழமையாக வராது. உங்களுடையது ரூட்டர் பக்கமாகத்தான் இருக்கும். ரூட்டரில் விலாசம் கொடுக்கிற டிஎச்சிபி என்கிற வசதி நிறுத்தப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

ரூட்டர் புதியது, லப்டொப் பழையது என்றால் இன்னொன்று: பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கார்ட் ஏறவே ஏறாது. டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறையில் வையுங்கள். உங்களுக்கு ஏறுகிறபடியால் அது காரணமில்லை, தேடி வருகிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

மணல்வீதி, செட்டிகுளம் | ஞாயிறு பகல் 12.30

டிஎச்சிபி நிறுத்தியிருந்தது. மருமகன் ஏதோ விளையாட்டுக்காக மாற்றினானாம். நன்றி ரீச்சர்.

குளக்கட்டு, விசுவமடு | செவ்வாய் இரவு 9.15

பற்றரி விசுவமடுவிலேயே மணிக்கூடு திருத்துகிறவரிடம் கிடைத்தது, 150 ரூபா. மகள்தான் மாற்றினாள், நான் டோர்ச் பிடித்தேன். உள்ளே இரண்டு பல்லி முட்டையும் ஒரு வருடத் தூசியும்.

ஒரு புது வில்லங்கம்: ஞாயிறு ஒரே இரவில் கிழமைக்கு வைத்திருந்த டேட்டா முடிந்துவிட்டது. கொம்பியூட்டர் ஒரு கிழமையாகத் தேங்கிய அப்டேட் எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்திருக்கிறது.

தேக்கங்காடு, முறிகண்டி | செவ்வாய் இரவு 9.28

வைஃபை பெயரின் பண்புகளுக்குள் போய் "மீற்றேர்ட் கனெக்சன்" என்பதைப் போடுங்கள். பெரிய அப்டேட்களை அநேகமாகக் கேட்காமல் இறக்காது. இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் நடுச்சாமத்துக்குப் பிறகு நீங்களே ஒருமுறை திறந்துவிடுங்கள். மொத்தமாக அப்டேட்டை நிறுத்திவிட வேண்டாம்.

பூநகரிக்காற்று, பூநகரி | புதன் காலை 7.05

நானும் என் பெட்டியைப் பார்த்தேன். 2015 என்று காட்டுகிறது. அப்போ போன வருசம் விண்டோஸ் அழித்துப் போட்டதெல்லாம்...

பழைய ரேடியோ, வவுனியா | புதன் காலை 7.20

விடுங்கோ தம்பி. புதிதாக ஏற்றும்போது திகதியும் எப்படியோ சரியாகியிருக்கும். அதனால்தான் சரிவந்தது.

குளக்கட்டு, விசுவமடு | வியாழன் இரவு 8.50

நேற்றுப் பின்னேரம் நல்ல முழக்கம். வழமைபோல எல்லாப் பிளக்கும் கழன்றன. இன்று காலை போட்டதும் சரியான திகதி, சரியான சனல், மகள் எட்டு மணி வகுப்பில் இருந்தாள்.

பகல் அந்தத் திருத்துகிற கடைக்காரர் போன் எடுத்தார். பெட்டியை எப்போது கொண்டு வருகிறீர்கள் என்று கேட்கிறார்.